வெள்ளித்திரையில் படித்தவர்

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு மாணவி ஒருவர்)

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாள், திருநாவலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வழக்கு நடந்தது. வழக்கு என்மேல்தான். என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதா, வேண்டாமா என்பதே கேள்வி. கரும்பு வெட்டும் கூலிக்காரரான என் அப்பா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசியவர் பெரியப்பா.

"பொட்டப் புள்ளய மேல படிக்க வெச்சா கல்பனா மாதிரி ஆயிடும்டா. அப்புறம் ஒரு மூக்கையன் வந்துதான் அடக்கணும்."

கல்பனா எங்கள் தெருப் பெண் அல்லள். 1972ஆம் ஆண்டில் வெளிவந்த 'பட்டிக்காடா பட்டணமா' என்னும் திரைப்படத்தின் கதாநாயகி. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அந்தப் பெண்ணாக ஜெயலலிதா நடித்தார். நாட்டுப்புறத்து மூக்கையனாக நடித்தவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். படிப்பாலும் பணத்தாலும் வந்த மனைவியின் செருக்கைப் படிக்காத கணவன் அடக்கித் திருத்துவதே கதை. பெரியப்பா சிறுவராக இருந்தபோது டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்த படம். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் படம் என் மேற்படிப்புக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிட்டது!

அப்பா பத்து நாள் யோசித்தார். பதினோராம் நாள் ஆயாதான் தீர்ப்புச் சொன்னார். "சினிமாவுல வர்றவளுக்கும் நம்ம புள்ளைக்கும் என்னடா சம்பந்தம்? போய்ச் சேத்துட்டு வா."

ஆயாவின் தயவால் நான் இந்த மலரில் எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. சினிமாவில் வருகிற படித்தவருக்கும் நமக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இல்லையா? நம்மில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் கல்லூரியைக் கண்டவர் இல்லை. சினிமாவைக் காணாதவரும் இல்லை. படித்தவர் எப்படி இருப்பார் என்பதை நம் பெற்றோர் வெள்ளித்திரையில்தான் முதலில் பார்த்தார்கள். ஆகவே, அந்தத் திரை அவர்களுக்கு எதைக் காட்டியது என்று ஆராய்வது நம் கடமை அல்லவா?

ஐயத்தின் வேர்

படித்தவர்மீது நம் சினிமாவுக்கு ஆதியிலிருந்தே ஓர் ஐயம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம். மற்றவர்கள் அன்றாடம் கண்ட படித்தவர்கள் யார்? நிலக்கணக்கு எழுதிய கர்ணம்; கடன் பத்திரம் எழுதியவர்; கோர்ட்டு வக்கீல்; ஜப்திக்கு வந்த அமீனா. பெருவிரலில் மை தடவிக்கொண்டு நின்றவனுக்குப் பேனா பிடித்தவனிடம் அச்சம் இருந்ததில் வியப்பில்லை. அந்த அச்சத்தைத்தான் கொட்டகைக்குள் சினிமா எடுத்துக்கொண்டது.

சில சான்றுகளைப் பார்ப்போம். 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத புதுமைப் படம்; எஸ். பாலசந்தர் இயக்கியது. அதில் சிவாஜி ஏற்ற ராஜன் ஒரு ரேடியோ எஞ்சினீயர். தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பில், உலகப்போர்க் காலத்தில் ஜப்பானியருக்கு உளவு சொல்லும் துரோகியாகிறான். அதே ஆண்டில் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தின் மோகன், அயல்நாடு சென்று திரும்பியவன். எம்.ஆர். ராதா அந்தப் பாத்திரத்தில் தாயையும் மனைவியையும் எள்ளி நகையாடி, இறுதியில் நோயில் அழிகிறார். 1977இல் வந்த பாரதிராஜாவின் '16 வயதினிலே' படத்தில், ஆசிரியப் பயிற்சிக்குப் போக விரும்பிய மயிலைத் தன் பேச்சால் மயக்கிக் கைவிடுபவர் யார்? பட்டணத்திலிருந்து வந்த கால்நடை மருத்துவர். அவளைக் காப்பவன் எழுத்து வாசனையற்ற சப்பாணி.

துரோகி, ஊதாரி, ஏமாற்றுக்காரன்! படித்தவனுக்கு வெள்ளித்திரை முதலில் கொடுத்த பட்டங்கள் இவை. நாம் இங்கே மூன்றாண்டு படித்து வாங்கும் பட்டத்தை விட இவை ஊருக்குள் வேகமாகப் பரவியவை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அறிஞர் அண்ணா எழுதிய 'வேலைக்காரி' (1949) படத்தில் மணி என்னும் நண்பன் வருகிறான். பண்ணையாரைக் கொலை செய்து பழிதீர்க்கத் துடிக்கும் ஆனந்தனைத் தடுத்து, அறிவைக் கொண்டு போராடும் வழியைக் காட்டுகிறான். ஏழையின் பக்கம் நின்று யோசிக்கிற ஒருவனைத் தமிழ்த்திரை அன்றே படைத்திருக்கிறது. ஆனால் மணியின் வழி வந்தவர்கள் பிறகு குறைந்து போனார்கள். பெருகியவர்கள் வசனம் பேசும் நாயகர்களும், மூக்குக்கண்ணாடி நழுவக் குடையோடு வந்து மாணவரிடம் கேலிப்படும் பேராசிரியர்களுமே. 'நண்பன்' (2012) படத்தில் சத்யராஜ் ஏற்ற கல்லூரி முதல்வர் வரை இந்தக் கேலி தொடர்ந்து வந்திருக்கிறது.

பசித்தவன்

இன்னொரு வகைப் படித்தவனும் உண்டு. அவனைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது.

கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980) படத்தில் கமல்ஹாசன் ஏற்ற ரங்கன், தத்துவம் படித்தவன். டில்லியில் வேலை கிடைக்காமல் பட்டினி கிடந்து, கடைசியில் முடிதிருத்தும் தொழிலை ஏற்கிறான். இருபத்தேழு ஆண்டு கழித்து, 2007இல், ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' வந்தது. அதன் பிரபாகர் தமிழ் எம்.ஏ. படித்தவன். படிப்புக்கு மதிப்பில்லாத உலகில் மனம் சிதைந்து கொலைகாரனாகிறான்.

என் அண்ணனும் தமிழ் எம்.ஏ. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையோரம் ஓர் உணவு விடுதியில் கணக்குப் பார்க்கிறான். 'கற்றது தமிழ்' படத்தை அவன் கைப்பேசியில் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். படம் முடிந்ததும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான். அப்பாதான் சொன்னார்: "பாத்தியா, படிச்சு என்ன கண்டான்?"

அந்தப் படங்கள் பொய் சொல்லவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் உண்மை, பசி உண்மை. ஆனால் அண்ணனைப் பற்றிய உண்மை அது மட்டுமா? இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பிய பிறகும் புறநானூற்றை விரித்து வைத்து, ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி இரண்டு உரைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பான். பொருள் பிடிபட்டவுடன் அவன் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் படத்திலும் அதை நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை; அவர் விடியற்காலை வெட்டுக்குப் போகவேண்டியவர், அந்நேரம் உறங்கிவிடுவார்.

சோவியத் திரை தரும் பாடம்

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதா? எங்கள் ஆசிரியர் ஒருவர் உலக வரலாற்று வகுப்பில் சோவியத் ரஷ்யப் படங்களைப் பற்றிச் சொல்லி, அவற்றுள் இரண்டைப் போட்டும் காட்டினார். அதிலிருந்துதான் எனக்கு ஓர் ஒப்புமை கிடைத்தது.

1917 புரட்சிக்குப் பின், பழைய ஆட்சியில் படித்து ஆளான எஞ்சினீயர்களையும் பேராசிரியர்களையும் புதிய அரசு நம்பவில்லை. 1928இல் சாக்தி என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதியின் எஞ்சினீயர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர், நாசவேலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டனர். இந்த ஐயம் திரையிலும் ஏறிற்று. 1932இல் வந்த 'எதிர்த்திட்டம்' என்ற படத்தில், ஆலையில் செய்யும் டர்பைனின் வரைபடத்தில் பிழை இருப்பதை அறிந்தும் வாய்மூடி இருக்கிறார் ஒரு பழைய எஞ்சினீயர். நம் 'அந்த நாள்' ராஜனுக்கு அவர் அண்ணன் முறை என்றே சொல்லலாம்!

பிறகு காற்று திசை மாறியது. 1937இல் 'பால்டிக் பிரதிநிதி' என்ற படம் வந்தது. எழுபத்தைந்து வயதான தாவரவியல் பேராசிரியர் பொலெழாயெவ் புரட்சியை ஆதரிக்கிறார். அதனால் அவருடைய பிறந்தநாள் விருந்துக்கு உடன் பணியாற்றியோர் வராமல் புறக்கணிக்கின்றனர். கப்பற்படை வீரர்களோ அவரிடம் பாடம் கேட்டு, அவரையே தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். திமிரியாசெவ் என்னும் உண்மையான தாவரவியல் அறிஞரை மனத்தில் வைத்து உருவாக்கிய பாத்திரம் அது. முதியவராக நடித்த செர்காசொவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

படம் பார்த்து நான் நெகிழ்ந்தேன். ஆனால் ஆசிரியர் அடுத்துச் சொன்ன செய்தி என்னை உலுக்கிவிட்டது. அந்தப் படம் வந்த மூன்றாம் ஆண்டில், 1940இல், உலகெங்கும் சென்று பயிர் விதைகளைச் சேகரித்த நிக்கொலாய் வவிலொவ் என்ற தாவர அறிஞர் கைது செய்யப்பட்டார். 1943இல் சிறையிலேயே இறந்தார். திரையில் தாவர அறிஞருக்கு மாலை. வெளியில் தாவர அறிஞருக்குச் சிறை! படித்தவரை இகழ்ந்து காட்டுவது மட்டுந்தான் பொய் என்பதில்லை. புகழ்ந்து காட்டுவதும் பொய்யாகலாம். இரண்டிலும் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது: நீ யார் பக்கம்? அவர் என்ன யோசித்தார், எதை ஐயுற்றார் என்று எவரும் கேட்கவில்லை.

1953இல் ஸ்டாலின் இறந்த பிறகே அந்தக் கேள்வி மெல்ல மாறியது. மிகயீல் ரோம் இயக்கிய 'ஓராண்டின் ஒன்பது நாட்கள்' (1962) அணு ஆராய்ச்சியாளர் இருவரைப் பற்றியது. குஸெவ் என்பவர் கதிர்வீச்சால் உடல் கெட்டும் சோதனையை விடாமல் தொடர்கிறார். அவர்கள் வாதாடுகிறார்கள், கேலி பேசுகிறார்கள், செய்வது சரியா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடத்திற்குள் நாமும் நிற்பதுபோல் இருக்கிறது. தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) படத்தில் ஓர் எழுத்தாளரும் ஒரு பேராசிரியரும், உள்ளத்தின் அடியாசையை நிறைவேற்றும் ஓர் அறையைத் தேடிப் போகிறார்கள். வாசல் வரை சென்றும் நுழைய அஞ்சி நிற்கிறார்கள். ஐயத்தை இப்படிக் காட்டியதற்கு விலையும் இருந்தது. இதே இயக்குநர் 1966இல் முடித்த 'அந்த்ரெய் ருப்லியொவ்' என்னும் படம் சோவியத் நாட்டுத் திரையரங்குகளுக்கு வர 1971 ஆயிற்று.

எது காணவில்லை?

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். நம் திரைப்படங்கள் படித்தவனைக் கெட்டவனாகக் காட்டுகின்றன என்பதன்று என் குறை. கெட்ட படித்தவர்கள் நாட்டில் உண்டு. அவனைப் பசித்தவனாகக் காட்டுவதும் என் குறையன்று. படிப்பு முடிந்த பிறகு அவன் என்ன ஆனான் என்பதையே நம் சினிமா காட்டுகிறது. படிப்பு என்னும் செயலைக் காட்டுவதில்லை. கல்லூரிப் படங்கள் எத்தனை! அவற்றில் காதல் உண்டு, கலாட்டா உண்டு, தேர்தல் உண்டு. ஒருவன் உட்கார்ந்து ஒன்றைப் புரிந்துகொள்ளப் போராடும் ஐந்து நிமிடம் உண்டா? உழவனின் வேலையை ஏரோடு காட்டுகிறார்கள், கொல்லனின் வேலையை உலையோடு காட்டுகிறார்கள். படிப்பவனின் வேலை மட்டும் மறைந்துபோகிறது. அதனால்தான் உழைத்துப் பிழைக்கும் நம் பெற்றோருக்குப் படிப்பு ஓர் உழைப்பாகவே தெரிவதில்லை. அது ஒரு மினுக்காகவோ ஏமாற்றமாகவோதான் தெரிகிறது.

சிந்திப்பதைப் படம்பிடிக்க முடியுமா, ரசிகர்கள் பார்ப்பார்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும் என்பதற்கு என் ஊரே சான்று.

திருநாவலூர் சுந்தரர் பிறந்த ஊர். அவருடைய திருமணத்தன்று ஒரு முதியவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலை காட்டிய கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் பணிந்தாரா? இல்லை. ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படி, மூல ஓலை என்னிடம் உள்ளது என்றார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. சபையார் சும்மா தீர்ப்புச் சொல்லவில்லை; பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தனர். இறைவனே வாதியாக வந்தாலும் சான்று கேட்ட சபை அது! வன்மையாக வாதாடியவருக்கு 'வன்தொண்டர்' என்ற பெயரே கிடைத்தது. ஆடிச் சுவாதியில் நாம் கொண்டாடுவது இந்த வாதக்காரரைத்தான். 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஏ.பி. நாகராசன் தாமே நக்கீரராக நின்று சிவபெருமானின் பாட்டில் பிழை காட்டிய காட்சியை இன்றும் சிறுவர்கள்கூட வசனம் தவறாமல் சொல்கிறார்கள். ஒரு சொல்லின் பொருள்குற்றம் பற்றிய விவாதத்தை மக்கள் அறுபது ஆண்டாக ரசிக்கிறார்கள் என்றால், ரசிகர்மேல் பழி போடுவது நியாயமா?

அண்மைக் காலத்தில் நல்ல அறிகுறிகளும் தெரிகின்றன. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018), சட்டக்கல்லூரியின் முதல் நாட்களில் ஆங்கிலம் புரியாமல் தவிக்கும் மாணவனின் அவமானத்தைக் காட்டியது. அதைப் பார்த்து எங்கள் வகுப்பில் பாதிப்பேர் தலைகுனிந்துகொண்டோம். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி மட்டும், "இது என் கதை" என்று உரக்கவே சொன்னாள். 'ஜெய் பீம்' (2021), நமக்கு அருகிலேயே, விருத்தாசலம் பக்கத்தில் 1993இல் நடந்த ஒரு காவல்நிலையக் கொடுமையை அடிப்படையாகக் கொண்டது. அதில் வழக்கறிஞர் சந்துரு சண்டை போடுவதில்லை. சாட்சியங்களைத் துருவுகிறார், ஒரு தொலைபேசி அழைப்பின் உண்மையைத் தேடிப் போகிறார். இறுதிக் காட்சியில் அவர் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படிக்க, எதிரே பழங்குடிச் சிறுமியும் அவ்வாறே அமர்ந்து படிக்கிறாள். வசனமே இல்லாத அந்தக் காட்சியைப் பார்த்துப் பெரியப்பா, "பாருடா, குட்டி எப்படி ஒக்காந்திருக்கு!" என்று சிரித்தார். கல்பனாவைப் பற்றி அவர் பேசாத முதல் நாள் அதுதான்!

நாம் செய்யவேண்டியது

இப்படிப்பட்ட படங்கள் பெருகட்டும். ஆனால் அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. திரை காட்டாத காட்சியை நம் வீட்டில் நாமே காட்டலாம்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறு, அப்பாவை நம்மூர்ச் சிவன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பிறந்ததிலிருந்து அவர் கும்பிட்டு வரும் கோயில்தான். சுவரில் உள்ள எழுத்துகளை அவர் வேலைப்பாடு என்றே எண்ணியிருந்தார். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் படையோடு இந்தப் பகுதியில் தங்கியிருந்ததையும், அதனால் இவ்வூருக்கு இராசாதித்தபுரம் என்ற பெயர் வழங்கியதையும், அவன் 949இல் தக்கோலப் போரில் மாண்டதையும் வகுப்பில் படித்திருந்தேன். ஆசிரியர் கொடுத்த பழந்தமிழ் எழுத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். ஓர் எழுத்துக்கு 'ம' என்று வைத்தேன், சொல் வரவில்லை. அழித்துவிட்டு 'த' என்று வைத்தேன், வந்தது. ஒரு வரியின் பாதியைப் படிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'மதிரை கொண்ட' என்று நான் வாய்விட்டுப் படித்தபோது, அது பராந்தகனின் பட்டப்பெயர் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு நேரம் முழிச்சிருக்கீங்க நீயும் அண்ணனும்?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"கஷ்டமான வேலதான்" என்றார்.

நான் வேண்டியது அந்த ஒரு சொல்லைத்தான். வேலை! கல்வியை வேலை என்று ஒரு கரும்பு வெட்டுபவர் ஒப்புக்கொண்டார். நண்பர்களே, நம் படிப்பை வீட்டாருக்கு மதிப்பெண் பட்டியலாக மட்டும் காட்டாதீர்கள். அதன் உழைப்பைக் காட்டுங்கள். நம்மில் எவரேனும் நாளை திரைத்துறைக்குப் போனால் அந்த உழைப்பைப் படமாக எடுங்கள். துரோகியும் வேண்டாம், தெய்வமும் வேண்டாம். ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்து, அழித்து, மறுபடி படிக்கிற ஒருவரைக் காட்டினால் போதும்.